மூங்கிலுக்கு அந்தப் பக்கம்

மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார். இந்தப் பக்கத்திலிருந்து மாமியார் ஒரு கரண்டியை நீட்டினார். கரண்டிக் காம்போடு ஒட்டடைக் கம்பு ஒன்று சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. நுனியில் ஒரு சந்தேஷ் இனிப்பு நடுங்கியது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வா, அனிர்பான்," என்றார் மாமியார் ரேபா சக்ரவர்த்தி.

"சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டக்கூடாது," என்றார் வெங்கடசுப்ரமணியன். சந்தின் முதல் வீட்டுக்காரர், எல்லோருக்கும் மணிதா. மூங்கிலுக்குக் காவல் அவர்தான். கழுத்தில் விசில் தொங்கியது.

"அவன் தாண்டலை மணிதா. அவன் வயிறுதான் தாண்டியிருக்கு."

"வயிறும் ஆளோட சேர்ந்ததுதானே ரேபாதி."

மாப்பிள்ளை வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த அசைவில் குறி தப்பி, தாடைக்கு இறக்கியிருந்த முகக்கவசத்துக்குள் சந்தேஷ் விழுந்தது. அவர் அதிலிருந்தே எடுத்துத் தின்றார். மாடிகளில் நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அன்று ஜாமாய் ஷஷ்டி. வங்காளத்து மாமியார்கள் மாப்பிள்ளையை உட்கார வைத்து, நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து, பனையோலை விசிறியால் விசிறி, எழுந்திருக்க முடியாதபடி சோறு போடும் நாள். ரேபாதி விசிறியைத் தண்ணீரில் தோய்த்து மூன்று கஜ தூரத்திலிருந்து வீசினார். துளிகள் வெங்கடசுப்ரமணியன் மேல் விழுந்தன. தயிர்ப் பொட்டை மாப்பிள்ளை தானே வைத்துக்கொண்டார். சோறும், இலிஷ் மீனும், ஆட்டுக்கறியும் அடுக்குப் பாத்திரத்தில் வெளியே போயின. உள்ளே வருவதற்கு மாப்பிள்ளை கொண்டுவந்த ஒரு புடவைப் பொட்டலம் காத்திருந்தது.

"வெளியிலிருந்து வர்றது ஒரு நாள் வெயில்ல கிடக்கணும்," என்றார் வெங்கடசுப்ரமணியன்.

"இது ஜம்தானி. சாயம் போயிடும்."

"அப்போ நிழல்ல ரெண்டு நாள்."

ரேபாதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மேல வந்து உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டுமே. வருஷத்துக்கு ஒரு நாள்."

"அடுத்த வருஷமும் ஒரு நாள் வருமே."

மாப்பிள்ளை அடுக்குப் பாத்திரத்தை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு சால்ட் லேக்குக்குத் திரும்பிப் போனார். அங்கே அவருக்காகக் காத்திருப்பதாக அவர் சொன்னது ஆபீஸ் மீட்டிங். எல்லோருக்கும் தெரிந்தது இலிஷ்.

*

வெங்கடசுப்ரமணியன் என்ற பெயரை, கல்கத்தாவில் டாக்குரியாவின் அந்தச் சந்து ஒரே ஒரு முறை முழுதாகச் சொல்லிப் பார்த்தது, அவர் கல்யாணத்தன்று. அப்புறம் கடைசித் துண்டை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. மணிதா. மணி அண்ணா, ரேபா அக்கா ரேபாதி ஆனதுபோல.

அவர் பிறந்தது லேக் மார்க்கெட் பக்கம். அண்ணன் தம்பிகள் ஐந்து பேருக்கு இரண்டு அறை. வசந்தியைக் கல்யாணம் செய்துகொண்டதும் ஒரு பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சந்தின் வாயில் இருக்கும் முதல் வீடு. வசந்தியின் அப்பா வாடகைக்கு எடுத்தது, அவள் பிறந்ததும் அங்கேதான். ஆகவே அவளுக்குச் சந்தில் தீதி என்று கூப்பிட அக்காக்களும் காக்கிமா என்று கூப்பிடச் சித்திகளும் உண்டு. அவருக்கு இருந்தவர்கள் எல்லாம் அவள் வழியாக வந்தவர்கள்.

வேலை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீட்டுப் பிரிவில். இல்லை என்று சொல்வதுதான் அங்கே வேலை. அதை அவர் மரியாதையாகச் சொல்வார் என்று பெயர். அவரிடம் இல்லை என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர் படியிறங்கும்போது நன்றி சொல்லியிருக்கிறார்கள். தெருவுக்கு வந்த பிறகுதான் அவர்களுக்குக் கோபம் வரும். ஓய்வு பெற்றபின் அந்தத் திறமை வீணாகக் கிடந்தது. பக்கத்திலிருந்த குளத்தைச் சுற்றி நடந்தார். செய்தித்தாளை விளம்பரம் உட்படப் படித்தார். வசந்தி காய்கறிக்காரனிடம் பேரம் பேசும்போது பக்கத்தில் நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்பார். அதனால் அவரைக் கடைக்குக் கூட்டிப் போவதை அவள் நிறுத்தியிருந்தாள்.

மார்ச்சில், மாம்பலத்தில் தங்கை பெண்ணின் கல்யாணத்துக்கு வசந்தி போனாள். கல்யாணம் நடந்தது. ரயில், விமானம் எல்லாம் நின்றுபோயின. அவள் அங்கேயே இருந்தாள்.

அதே வாரம் சந்து தன் வாயில் மூங்கில் கட்டியது. ஒரு முனை விளக்குக் கம்பத்தில், மறுமுனை வெங்கடசுப்ரமணியன் வீட்டுச் சுவரில். அவர் வாசலில் நின்று கையை நீட்டினால் மூங்கிலைத் தொடலாம். முதலில் காவல் இருந்தவன் எதிர்மாடித் தபன். பெரிய குரல், பெரிய மீசை, நல்ல தேர்வு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வாரத்தில் மீன்காரன் நிமாய் சைக்கிளோடு சந்தின் கடைசி வரை போய்வருவது தெரிந்தது. தினம் ஒரு கட்லா மீன் தலை தபன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்து ரேபாதியின் தம்பியை வைத்தார்கள். அவருக்குத் தலை பிடிக்காது, வயிற்றுத் துண்டுதான் பிடிக்கும்.

சந்து கூட்டம் போட்டது. ஆளுக்கு ஆள் தள்ளி, தெருவிலும் மாடிகளிலுமாக நின்றுகொண்டு பேசினார்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர் வெங்கடசுப்ரமணியன். அன்று ஏனோ திறந்தார்.

"எங்க தாத்தா ஊர்ல பிளேக் வந்தப்போ," என்று ஆரம்பித்தார்.

அந்த ஊர் சேலத்துக்குத் தெற்கே எங்கோ இருந்தது. அதை அவர் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். இரண்டாவது தடவை பேருந்தில் தூங்கிவிட்டதால் பாதிதான் பார்த்தார்.

"எலியெல்லாம் செத்து விழுந்ததா?" என்றான் தபன் மாடியிலிருந்து.

"பக்கத்து ஊர்ல விழுந்தது. அதனால எங்க ஊர்ல கயிறு கட்டினாங்க. வைக்கோலைத் திரிச்சு, வேப்பிலை சொருகி, ஊரைச் சுத்தி."

"வைக்கோல் கயிறு யாரைத் தடுக்கும்?"

"யாரையும் தடுக்காது. ஆனா தாண்டினவன் யாருன்னு தெரியும். கயித்துக்கு வெளியில ஒரு சுமைதாங்கிக் கல்லு. உப்பு, மண்ணெண்ணெய் கொண்டு வர்றவன் அது மேல வெச்சுட்டுத் தள்ளி நிப்பான். உள்ள இருக்கறவங்க எடுத்துட்டு, பதிலுக்கு நெல்லு வெப்பாங்க. நல்லாத்தான் நடந்தது. காவல்காரன்தான் சரியா அமையலை. முதல்ல ஒருத்தன், தன் மச்சானை உள்ள விட்டான். அடுத்தவன் சம்பந்தியை விட்டான்."

"அடுத்தவன் மீன்காரனை விட்டானா?" என்றார் ரேபாதி. தபன் வேறு பக்கம் பார்த்தான்.

"அந்த ஊர்ல ஒருத்தன் இருந்தான். கோயில்ல முதல் தாம்பூலம் தனக்குத் தரலைன்னு ஊரோட பேச்சை நிறுத்திட்டவன். பல வருஷமா ஒருத்தரோடயும் பேச்சு கிடையாது. அவனைக் காவலுக்கு வெச்சாங்க. கல்யாணக் கோஷ்டி வந்தது, திருப்பி அனுப்பினான். தாசில்தார் வந்தார், அவரையும் அனுப்பினான். ஊர் தப்பிச்சது."

கதை முடிந்தது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதை பிடித்துவிட்டது என்று நினைத்தார்.

"மணிதா," என்றான் தபன். "உங்களுக்கு மீன் வேண்டாம்."

"வேண்டாம்."

"கறி?"

"வேண்டாம்."

"பார்க்க வர்ற சொந்தக்காரங்க?"

"வசந்தி மட்டும்தான். அவ சென்னையில மாட்டிக்கிட்டிருக்கா."

"வீடு மூங்கிலை ஒட்டி."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அதற்குள் விசில் கைக்குக் கையாக அவரிடம் வந்துகொண்டிருந்தது. வரும் வழியில் எல்லோரும் அதை சானிடைசரால் துடைத்தார்கள்.

அவர் நல்ல காவல்காரராக இருந்தார். நிமாய் வெளியே நிற்பான். வீட்டுக்கு ஒருவராக வந்து, மூங்கிலுக்கு மேலே மீனைப் பார்த்து, வாங்கிப் போக வேண்டும். வெங்கடசுப்ரமணியன் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நிற்பார். இரண்டாம் மாடிப் பையனின் கணக்கு வாத்தியார், தபனின் அண்ணன், பிறந்தநாள் கேக்கோடு வந்த இரண்டு பெண்கள், எல்லோருக்கும் இல்லை. சிலர் நன்றி சொன்னார்கள். போன வாரம் வந்த புயல் மூங்கிலைப் பிய்த்துக்கொண்டு போனது. மின்சாரம் திரும்பி வர ஐந்து நாள் ஆனது. மூங்கில் மறுநாளே வந்துவிட்டது, அவர்தான் தேடிக் கொண்டுவந்தார்.

வசந்தியிடம் தொலைபேசியில் மூங்கிலைப் பற்றிச் சொல்லியிருந்தார். யாரையும் உள்ளே விடுவதில்லை என்றும் சொல்லியிருந்தார்.

"யாரு விடறதில்ல?" என்றாள்.

"அவாதான்."

"எவா?"

"சந்துல இருக்கறவா."

அந்த இடத்தில் அவர் பேச்சை மாற்றி, காப்பிப் பொடி தீர்ந்துவிட்டது என்றார்.

*

கல்கத்தாவுக்கு விமானம் திரும்ப விட்ட முதல் நாளும் ஜாமாய் ஷஷ்டியும் ஒன்றாக வந்துவிட்டன. மாலையில், வீடுகளில் விளக்கேற்றிச் சங்கு ஊதும் நேரத்துக்கு, மஞ்சள் டாக்சி ஒன்று சந்தின் வாயில் நின்றது. வசந்தி இறங்கினாள். முகத்துக்கு முன்னால் விமானத்தில் கொடுத்த பிளாஸ்டிக் தகடு. இரண்டு பெட்டி, ஒரு பை. பையிலிருந்து காப்பிப் பொடி வாசனை மூங்கிலைத் தாண்டி வந்தது. டிரைவர் பெட்டிகளை இறக்கிவிட்டு உடனே போய்விட்டான்.

அவள் டிக்கெட் கிடைத்ததை முந்தின நாளே சொல்லியிருந்தாள். அதைச் சந்துக்கு எப்படிச் சொல்வது என்று அவர் அந்த நேரம் வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

"என்னன்னா இது, மாட்டுக் கொட்டாய் மாதிரி?"

"மூங்கில்."

"மூங்கில்னு தெரியறது. தூக்குங்கோ."

அவர் தூக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார். எல்லா மாடிகளிலும் ஆள் இருந்தது. ஒவ்வொரு மாடிக்கும் அவர் ஒரு தடவையாவது இல்லை என்று சொல்லியிருந்தார்.

"வசந்தி, வெளிலேர்ந்து வரவா உள்ள வரப்படாதுன்னு ஒரு ஏற்பாடு இருக்கு."

"யார் ஏற்பாடு? யார் இங்க காவல்?"

அவர் கை தானாகப் போய் விசிலை மூடியது.

"சொல்லுங்க மணிதா," என்றான் தபன் மேலேயிருந்து. தமிழ் புரியாவிட்டாலும் அவனுக்கு இந்த இடம் புரிந்துவிட்டது.

வசந்தி தகட்டைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். "நீங்களா?"

"ஆமா."

"போன்ல அவாதான்னு சொன்னேளே."

"கமிட்டியச் சொன்னேன்."

"நான் பொறந்த ஆத்து வாசல் இது. நீங்க ஒத்தப் பெட்டியத் தூக்கிண்டு வந்தேள். அன்னிக்கு யாராவது மூங்கில் கட்டினாளா?"

அவள் அதையே வங்காளத்தில், இன்னும் உரக்க, மாடிகளைப் பார்த்துச் சொன்னாள். சிரிப்பு எழுந்து அடங்கியது. முதல் வீட்டுப் பெண், இந்தச் சந்தில் பாவாடை கட்டி ஓடியவள், வெளியே நிற்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு வந்தவர் உள்ளே நின்று மறிக்கிறார். எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. அவர் மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டார். மூங்கிலைத் தூக்குவதற்கு ஒரு கை போதும். தூக்கினால் நாளைக் காலை தபனின் அண்ணன் வருவார், கணக்கு வாத்தியார் வருவார், நிமாய் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு கடைசி வீடு வரை போவான். தூக்காவிட்டால் வசந்தி தெருவில் நிற்பாள், அப்புறம் வேறு விதமாகப் பேசுவாள்.

"தூக்கிடுங்க மணிதா," என்றான் தபன் பெரிய மனதோடு. "நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். நாளைக்கு எங்க அண்ணன் வரும்போது மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

"இல்லை," என்றார் வெங்கடசுப்ரமணியன். பழக்கத்தில் வந்துவிட்டது.

வசந்தி பெரிய பெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். "லேக் மார்க்கெட்டுக்கு உங்க அண்ணாவாத்துக்குப் போகட்டுமா?"

"அங்கயும் மூங்கில்."

"அங்க யார் காவல்?"

"அண்ணாதான்."

"குடும்ப வியாதி," என்றாள்.

"நான் வேணா வெளில வந்துடறேன்."

"வந்து? பெட்டிக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நானா?"

ரேபாதி இறங்கி வந்தார். காலையிலிருந்து அவர் வெங்கடசுப்ரமணியனோடு பேசவில்லை. கையில் அதே விசிறி. சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒழுங்காகத் தள்ளி நின்று, "நல்லா இருக்கியா வசு," என்று கேட்டார். இளைத்துவிட்டாய் என்றார். அவள் இளைக்கவில்லை. பிறகு வெங்கடசுப்ரமணியன் பக்கம் திரும்பினார்.

"மணிதா, உங்க தாத்தா ஊர்ல அந்தக் காவல்காரன். ராத்திரி எங்க படுத்தான்?"

"குடிசை போட்டுக் குடுத்தாங்க."

"எங்க? கயித்துக்கு உள்ளயா, வெளியிலயா?"

"வெளியில."

"இதை அன்னிக்கு நீங்க சொல்லலை."

"யாரும் கேக்கலை."

"தனியாவா இருந்தான்?"

"பெண்டாட்டி ஒரு நாள் சோறு கொண்டு போனாளாம். குடுத்துட்டுத் திரும்பினா அவனே அவளை உள்ள விடலை. அங்கயே இருந்துட்டா."

ரேபாதி விசிறியை மடியில் சொருகிக்கொண்டார். "தபன், கீழ வா. கத்தி எடுத்துட்டு வா."

தபன் வந்தான். ரேபாதி விளக்குக் கம்பத்தைக் காட்டினார். பிறகு முதல் வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் நடுவில் இருந்த அடிகுழாயைக் காட்டினார். தபனுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மீசைக்குக் கீழே சிரித்தான். கம்பத்திலும் சுவரிலும் இருந்த கட்டுகளை அறுத்தான். அவிழ்ந்த மூங்கிலின் ஒரு முனையை அவனும் மறுமுனையை ரேபாதியின் தம்பியும் தூக்கிக்கொண்டு, வெங்கடசுப்ரமணியனின் வாசலைக் கடந்து உள்ளே நடந்தார்கள். அடிகுழாயோடு ஒரு முனையைக் கட்டினார்கள். இன்னொன்றை எதிரில் இருந்த ரேபாதியின் கேட்டில் கட்டினார்கள். யாரோ சுண்ணாம்பு கொண்டுவந்து புதுக்கோடு போட்டார்கள்.

வெங்கடசுப்ரமணியன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் இப்போது வெளியே இருந்தார். வீடும் வெளியே இருந்தது.

"சந்துக்குள்ள யாரும் வரலை," என்றார் ரேபாதி. "உங்க சட்டம் அப்படியே இருக்கு."

அவர் அதை இழப்பீட்டுப் பிரிவின் கண்ணோடு நாலா பக்கமும் பார்த்தார். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

"சரியாத்தான் இருக்கு," என்றார்.

வசந்தி பெட்டியிலிருந்து எழுந்தாள். "இந்தப் பெட்டியவாவது தூக்குவேளா, அதுக்கும் கமிட்டியக் கேக்கணுமா?"

அவர் இரண்டு பெட்டிகளையும் தூக்கினார். வாசல் வரை போய்த் திரும்பினார். விசில் ஞாபகம் வந்தது. கழுத்திலிருந்து கழற்றித் தபனிடம் நீட்டினார். தபன் கையை நீட்டினான்.

"தொடாதே," என்றார் ரேபாதி. "வெளியிலிருந்து வர்ற பொருள். ஒரு நாள் வெயில்ல கிடக்கணும்."

*

மறுநாள் நல்ல வெயில். விசில் வெங்கடசுப்ரமணியன் வீட்டுச் சுவர்மேல் கிடந்தது. விசில் இல்லாமலேயே தபன் காவலுக்கு வந்தான். நிமாய் எட்டு மணிக்கு முதல் வீட்டைத் தாண்டி மூங்கில் வரை சைக்கிளில் வந்தான், பிறகு மூங்கிலையும் தாண்டிப் போனான். வசந்தி பாத்திரங்களையெல்லாம் மறுபடி தேய்த்தாள். காப்பி போட்டாள். டிகாக்‌ஷன் இறங்கும் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை, குடித்தபிறகு பேசினார்கள். மத்தியானம் ரேபாதி ஒரு தட்டில் மைதாப் பூரியான லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியும் மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிரும் வைத்து, ஒட்டடைக் கம்பால் மூங்கிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நேற்றைய மிச்சம் என்றார். லூச்சி சூடாக இருந்தது. வெங்கடசுப்ரமணியன் தின்று முடிக்கும்வரை விசிறியைத் தண்ணீரில் தோய்த்து வீசிக்கொண்டிருந்தார். தட்டைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குடிதண்ணீர் தரும் அந்த அடிகுழாயின் கைப்பிடி மூங்கிலுக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்டது. வெங்கடசுப்ரமணியன் குடத்தோடு கோட்டருகே நின்று தபனைக் கேட்டார். இப்போது முடியாது, சாயங்காலம் பார்க்கலாம் என்றான் தபன். அவர் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். தண்ணீர் சாயங்காலம் கிடைத்தது.